நுண்மணி உலோகங்களும் கணினி காட்டும் வலிமையும்

படிக மணிகளின் (உலோகத்துக்குள் நெருக்கமாக அடுங்கியுள்ள சிறு படிகங்களின்) அளவு 100 நானோமீட்டருக்கும் குறைவான உலோகங்களைப் பற்றி, கோவையின் பம்பு, மோட்டார் தயாரிப்பாளர்கள் எங்களைப் போன்ற பகுப்பாய்வுப் பொறியாளர்களிடம் கேட்கத் தொடங்கியுள்ளனர். வலிமை பல மடங்கு கூடுமென்றால் ஷாஃப்டின் விட்டத்தைக் குறைக்கலாமா என்பதே பெரும்பாலோரின் கேள்வி. ஒரே விட்டமுள்ள ஷாஃப்ட் எவ்வளவு வளையும் என்பதைப் பொருளின் விறைப்பைக் குறிக்கும் மீள்தன்மைக் கெழுவே தீர்மானிக்கிறது; மணியைச் சிறிதாக்குவதால் அது கூடுவதில்லை. ஆகவே வலிமையை மட்டும் நம்பி விட்டத்தைக் குறைக்க இயலாது.

அந்த வலிமை எண்ணும் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். 1951இல் ஹால், 1953இல் பெட்ச் ஆகிய ஆய்வாளர்கள் கண்ட விதிப்படி, மணியின் விட்டம் நான்கில் ஒரு பங்கானால் மணி எல்லைகள் தரும் கூடுதல் வலிமை இரு மடங்காகும். படிகத்துக்குள் நகரும் பிறழ்வுகளை (அணு வரிசையில் உள்ள பிசகுகளை) எல்லைகள் தடுப்பதே காரணம். செம்பில் ஏறத்தாழ 10 முதல் 15 நானோமீட்டர் வரை இறங்கியதும் வலிமை உச்சத்தைத் தொட்டு, அதற்கும் கீழே குறைகிறது என்று அணு அளவிலான கணினிக் கணிப்புகள் காட்டின. அங்கே மணிகள் எல்லைகளில் ஒன்றையொன்று உரசி நழுவுகின்றன.

இந்தக் கணிப்புகளை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆயினும், அணுக்களின் நகர்வை ஃபெம்டோநொடிக் கணக்கில் பின்தொடர்வதால் முழு ஓட்டமும் சில நானோநொடிகளில் முடிந்துவிடுகிறது. அதற்குள் உலோகத்தை இழுத்தாக வேண்டியிருப்பதால், திரிபு வீதம் (பொருள் உருமாறும் வேகம்) நம் ஆய்வகத்து இழுவைச் சோதனையைவிட ஆயிரம் கோடி மடங்குக்கும் மேல் போய்விடுகிறது. எல்லை வழியே அணுக்கள் மெதுவாக ஊர்வதற்கு அங்கே நேரமே இல்லை. மேலும், பொடியை அழுத்தி உருவாக்கிய உண்மையான துண்டில் நுண்துளைகளும் ஆக்சைடும் இருக்கும். விரிசல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும்.

பாகத்தைச் சிறு கூறுகளாகப் பிரித்துக் கணக்கிடும் ஃபைனைட் எலிமென்ட் முறையில் சிக்கல் வேறு. ஒவ்வொரு மணியும் நிரந்தரமாக உருமாறுவதைக் கணக்கிடும் வழக்கமான படிக நெகிழ்வு மாதிரியில் நீள அளவு எதுவும் இல்லாததால், மணியைப் பத்தில் ஒன்றாகச் சுருக்கினாலும் விடை மாறாது. எல்லைகளுக்குத் தனிப் பிளவு விதி (எல்லை எவ்வளவு விசையில் எப்படிப் பிரியும் என்ற விதி) கொடுத்தால் மாறும். ஆனால் அவ்விதியின் உச்சத் தகைவையும் (ஓரலகுப் பரப்பு தாங்கும் அதிகபட்ச விசையையும்) முறிவு ஆற்றலையும் ஒரே இழுவை வரைபடத்தைக் கொண்டு பொருத்துவதை நான் ஏற்பதில்லை, ஏனெனில் இவ்விரு மதிப்புகளின் வெவ்வேறு இணைகள் அதே வரைபடத்தைத் தந்துவிட்டு, விரிசலுள்ள பாகத்தில் முற்றிலும் வேறு முறிவுச் சுமையைச் சொல்லும். வெட்டுத்தடம் இட்ட துண்டிலும் சோதனை செய்து, இழுக்கும் வேகத்தையும் மாற்றிப் பார்த்த பின்பே அம்மாதிரியை வடிவமைப்புக்குக் கொண்டுவர வேண்டும்.