முள் பாதியில் நிற்கிறது, டேங்க் காலி

போன வருடம் ஒரு ராத்திரி எங்கள் குடியிருப்பின் ஜெனரேட்டர் நின்றுபோனது. ரங்கூனில் இருப்பவர்களுக்கு கரண்ட் போவதோ ஜெனரேட்டர் மக்கர் பண்ணுவதோ பெரிய செய்தி இல்லை. ஆனால் அன்றைக்கு டீசல் முள் பாதி டேங்க் என்று காட்டிக்கொண்டிருந்தது, அதனால் பேட்டரியைச் சந்தேகப்பட்டோம், ஃபில்டரைக் கழற்றினோம், இரண்டாம் மாடிக்காரர் ஊரில் இல்லாத மெக்கானிக்கைத் திட்டித் தீர்த்தார். கடைசியில் காவல்கார அண்ணன் ஒரு மூங்கில் குச்சியை டேங்குக்குள் விட்டு எடுத்தார். குச்சி நனையவே இல்லை. உள்ளே மிதவை துருப்பிடித்துச் சிக்கிக்கொண்டிருக்கிறது, முள் எத்தனை நாளாக அதே இடத்தில் நின்றதோ தெரியாது, நாங்களும் பார்த்துப் பார்த்து நிம்மதியாக இருந்திருக்கிறோம்.

எண்ணெய்க் கிணறுகளில் டிஜிட்டல் தொழில்நுட்பம் என்று இப்போது பேசப்படுவதெல்லாம், இந்த முள்ளையும் மூங்கில் குச்சியையும் பற்றிய பேச்சுதான்.

நம் பர்மாவுக்கு எண்ணெய் புதிதல்ல. மக்வே பக்கம் ஐராவதிக் கரையில் இருக்கும் யெனாஞ்சவுங் என்ற பெயருக்கே நாற்றத் தண்ணீர் ஓடை என்றுதான் அர்த்தம். 1797-ல் அங்கே போன ஹிராம் காக்ஸ் என்ற ஆங்கிலேயர், கணக்கில் பதிவான கிணறுகள் 520 என்று எழுதிவைத்திருக்கிறார். எல்லாம் கையால் தோண்டியவை. பரம்பரையாகக் கிணறு வைத்திருந்த குடும்பத்தாருக்கு ‘துவின்சா’ என்று பெயர், சொல்லுக்குச் சொல் பார்த்தால் கிணற்றைத் தின்பவர். தோண்டுகிறவர் கயிற்றில் இறங்குவார், கீழே ஆவி மூச்சை அடைக்கும், கொஞ்ச நேரத்தில் மேலே இழுத்துவிட வேண்டும். கீழே என்ன நடக்கிறது என்பதைச் சொல்ல இருந்த ஒரே கருவி அந்த மனிதர்தான்.

இன்றைக்கு அந்த இடத்தில் சென்சார்கள். கிணற்று வாயில் அழுத்தம், வெப்பநிலை, குழாயில் ஓடும் அளவு, மோட்டார் இழுக்கும் கரண்ட் என்று ஒவ்வொன்றையும் சில வினாடிக்கு ஒரு தடவை அளந்து, ரேடியோ வழியாகவோ கேபிள் வழியாகவோ கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்பும். இதற்கு ஸ்கேடா என்று பெயர். சில கிணறுகளில் தலைமுடி மாதிரி மெல்லிய கண்ணாடி இழையை அடிவரை இறக்கி, அதற்குள் ஒளியைப் பாய்ச்சி, திரும்பிச் சிதறி வரும் ஒளியை வைத்து மீட்டருக்கு மீட்டர் வெப்பநிலையைப் படிக்கிறார்கள்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது தலையாட்டும் பம்பு. கழுதை தலையை ஆட்டுகிற மாதிரி மேலும் கீழும் ஆடிக்கொண்டு நிற்குமே, அதுதான். அதை நம்ம ஊர் ஏற்றம் என்றே நினைத்துக்கொள்ளுங்கள்: ஒரு துலா, ஒரு முனையில் எடை, மறுமுனையில் கிணற்றுக்குள் போகிற கழி. ஏற்றம் இறைத்தவர்கள் பாட்டிலேயே எண்ணிக்கையைக் கோத்துப் பாடி எத்தனை சால் என்று கணக்கு வைத்தார்கள். ஆனால் ஒவ்வொரு சாலும் நிறைந்து வந்ததா, பாதியா என்பது பாட்டில் வராது, இழுப்பவர் தோளுக்குத்தான் தெரியும். பம்பில் அந்தத் தோளின் வேலையை ஒரு சுமை சென்சார் செய்கிறது. கழி எந்த உயரத்தில் இருக்கிறது, அந்த நொடி அதில் எவ்வளவு பாரம் என்று இரண்டையும் வரைந்தால், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு மூடிய படம் கிடைக்கும். அடியில் இருக்கும் பம்பு நிறைந்திருந்தால் அது கிட்டத்தட்ட சாய்ந்த செவ்வகம். கிணற்றில் எண்ணெய் ஊறுவதற்குள் பம்பு வேகமாக இறைத்துவிட்டால், உருளைக்குள் மேல்பாதி வெறுமையாக இருக்கும், கழி இறங்கும்போது பாரம் உடனே குறையாது, பாதி வழியில் திரவத்தில் மொத்தென்று மோதி சட்டென விழும். படத்தில் ஒரு மூலை கடித்து எடுத்த மாதிரி காணாமல் போயிருக்கும். வாயு புகுந்தால் அதே மூலை வளைந்து குழையும். வால்வு ஒழுகினால் வேறு வடிவம். பழகின ஆள் நாடி பார்ப்பது போல இதைப் பார்த்தே நோய் சொல்லுவார்.

ஆனால் கழி இரும்பு, சில சமயம் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளம். அவ்வளவு நீளத்தில் இரும்பு ரப்பர் மாதிரி இழுபடும், அதிரும். கீழே நடந்த மோதல் அலையாக மேலே வர, கிலோமீட்டருக்கு ஐந்தில் ஒரு வினாடி ஆகும், வந்தது மறுபடி எதிரொலித்துக் கீழே போகும். ஆகவே மேலே நாம் வரைகிற படம் கீழே நடப்பதன் கலங்கிய நிழல்தான். 1960-களில் கிப்ஸ் என்ற ஆய்வாளர், கழியில் ஓடும் அலைகளுக்கான சமன்பாட்டைக் கம்ப்யூட்டரில் போட்டுத் தீர்த்து, மேலே அளந்ததிலிருந்து கீழே உள்ள படத்தைக் கணக்கிடும் வழியைக் கொடுத்தார். இன்றைக்கு பம்புக்குப் பக்கத்தில் ஒரு பெட்டிக்குள் இருக்கும் சின்னக் கணினி ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இதைச் செய்து, மூலை காணாமல் போனால் மோட்டாரை நிறுத்தி, எண்ணெய் ஊற நேரம் கொடுத்து, மறுபடி ஓட்டுகிறது. கழி உடைவது குறையும், மின்சாரமும் மிச்சம்.

சரி, இவ்வளவு அழகான கணக்குக்குள் போகிற எண்ணே தப்பாக இருந்தால்? சுமை சென்சார் மெல்ல மெல்லத் தடம் மாறினால் படம் மொத்தமும் மேலேயோ கீழேயோ நகர்ந்துவிடும், கணினி பாட்டுக்குக் கணக்குப் போட்டு ஆரோக்கியமான பம்புக்கு நோய் சொல்லும். அதனால்தான் எண்ணைச் சந்தேகப்படும் வேலைக்கென்றே தனி மென்பொருள்கள் இருக்கின்றன. அவை பார்ப்பவை நம் வீட்டு விஷயங்கள்தான். ஒரு மதிப்பு மணிக்கணக்காகத் துளிகூட அசையாமல் இருக்கிறதா? உண்மையான அழுத்தம் எப்போதும் கொஞ்சமாவது நடுங்கும், ஆடாத எண் செத்த சென்சாராக இருக்கலாம், எங்கள் டீசல் முள் மாதிரி. பூஜ்யம் என்று வந்திருக்கிறதே, அது அளந்து வந்த பூஜ்யமா, அளக்காமல் விட்டதை யாரோ பூஜ்யமாக நிரப்பியதா? இரண்டும் திரையில் ஒரே மாதிரி தெரியும்.

அலகு இன்னொரு தலைவலி. இங்கே சந்தையில் மீன் வாங்கும் யாருக்கும் வீசை தெரியும், பர்மியர் பெய்த்தா என்பார்கள், 1.63 கிலோ. ஆங்கிலேயர் எழுதிவைத்த ‘விஸ்’ என்ற சொல் நம்ம வீசைதான். அந்தக் காலத்து யெனாஞ்சவுங் எண்ணெய்க் கணக்கே வீசையில்தான் இருக்கிறது. ஆனால் மதராஸ் வீசை 40 பலம், கிட்டத்தட்ட 1.4 கிலோ. ஒரே பெயர், இரண்டு எடை! பழைய பேரேட்டை மதராஸிலிருந்து வந்த குமாஸ்தா தன் ஊர் வீசையாகப் படித்தால் ஏழில் ஒரு பங்கு எண்ணெய் காகிதத்திலேயே ஆவியாகிவிடும். பேரலும் அப்படித்தான். ஒரு பேரல் 42 அமெரிக்க கேலன், சுமார் 159 லிட்டர், ஆனால் எந்த வெப்பநிலையில்? வியாபாரத்தில் 60 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 15.6 டிகிரி செல்சியஸ் என்பது வழக்கம். எண்ணெய் சூட்டில் விரியும், 10 டிகிரிக்கு நூற்றுக்கு ஏறக்குறைய 0.8 பங்கு. யெனாஞ்சவுங்குக்கு வடக்கே இருக்கும் எண்ணெய் ஊரான சவுக்கில் 2024 ஏப்ரல் 28 அன்று 48.2 டிகிரி பதிவானது. அந்த வெயிலில் டேங்க் எண்ணெயும் அதே சூட்டுக்கு வந்துவிட்டால், திருத்தாமல் எழுதும் கணக்கில் நூறு பேரலுக்கு இரண்டரை பேரல் வெறும் சூடுதான்.

நேரமும் லேசுப்பட்டதல்ல. நம்ம கடிகாரம் உலக நேரத்துக்கு 6 மணி 30 நிமிடம் முன்னால், தாய்லாந்து 7 மணி. யதனா என்ற கடல் எரிவாயு வயலின் வாயு 1998 முதல் குழாய் வழியாக தாய்லாந்துக்குப் போகிறது. இப்படி எல்லை தாண்டும் குழாயில் ஒரு முனையின் எண்கள் இந்தக் கடிகாரத்திலும் மறுமுனை அந்தக் கடிகாரத்திலும் பதிவாகி, அரை மணியை யாரும் திருத்தாமல் இரண்டையும் ஒட்டினால், தாய்லாந்து முனையில் வால்வை மூடுவதற்கு முன்பே நம் முனையில் அழுத்தம் ஏறியதாகத் தெரியும். பிள்ளை பிறந்த பிறகு கல்யாணம் நடந்த கதை.

ஆழத்தைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. துளையிடுகிறவர்கள் ரிக் மேடையிலிருந்து அளப்பார்கள், நிலவியலாளர் கடல் மட்டத்திலிருந்து. வேலை முடிந்து ரிக் போனால் அந்த மேடையும் போய்விடும். அதன் உயரத்தை எழுதி வைக்காவிட்டால் பின்னால் வருபவருக்கு ‘1200 மீட்டர்’ என்பது எங்கிருந்து என்று சொல்ல ஆள் இருக்காது.

ஒரு கிணறு நேற்று இத்தனை பேரல் கொடுத்தது என்று அறிக்கையில் பார்க்கிறோமே, அதுவும் பல எண்ணெய் வயல்களில் அளந்த எண்ணே கிடையாது. நிறைய கிணறுகள் ஒரே குழாயில் சேர்ந்து வரும், மொத்தத்துக்குத்தான் நல்ல மீட்டர். மாதத்துக்கு ஒரு தடவை போல ஒவ்வொரு கிணற்றையும் தனியாகத் திருப்பிவிட்டுச் சோதிப்பார்கள், மீதி நாட்களுக்கு அந்த விகிதத்தில் மொத்தத்தைப் பங்கு பிரிப்பார்கள், ஒரே மீட்டர் உள்ள மாடிவீட்டில் கரண்ட் பில்லைப் பிரிப்பது போல. அந்தப் பங்கு எண்களைக் கொண்டுபோய் செயற்கை நுண்ணறிவுக்குப் படிப்பித்தால், அது கிணற்றை அல்ல, பங்கு பிரித்தவரின் சூத்திரத்தைக் கற்றுக்கொள்ளும். இதைச் சொல்லாமல் விற்கப்படும் மென்பொருள்கள் மேல் எனக்கு மரியாதை இல்லை.

எண் சரியாக இருந்தும் நம்பாமல் விட்ட கதையும் உண்டு. 2010 ஏப்ரல் 20, மெக்சிகோ வளைகுடாவில் மக்கோண்டோ கிணறு. சிமென்ட் அடைப்பு தாங்குகிறதா என்று சோதித்தபோது துளைக்குழாயில் சதுர அங்குலத்துக்கு 1400 பவுண்டு அழுத்தம் காட்டியது. அதே கிணற்றோடு சேர்ந்த இன்னொரு குழாயில் பூஜ்யம். இரண்டும் ஒரே கிணறு என்றால் இரண்டும் ஒன்றாக இருந்திருக்க வேண்டும். 1400-க்கு ஒரு விளக்கம் கண்டுபிடித்தார்கள், பூஜ்யத்தை ஏற்றுக்கொண்டார்கள். அன்றிரவு கிணறு வெடித்து 11 பேர் இறந்தார்கள். சென்சாரில் குறையில்லை, எண்கள் அந்த நேரத்திலேயே கரைக்கும் போய்க்கொண்டிருந்தன.

என் தாத்தா ரங்கூனுக்குப் பக்கத்தில் இருக்கும் சிரியம் சுத்திகரிப்பு ஆலையில் டேங்க் அளக்கும் வேலையில் இருந்தவர். முனையில் பித்தளைக் குண்டு கட்டிய நாடா (பொறி பறக்கக்கூடாது என்பதற்காகப் பித்தளை), அடியில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்க்க நிறம் மாறும் பசை, இவ்வளவுதான் கருவி. எழுதுவதற்கு முன் நாடாவை இரண்டு தடவை இறக்குவாராம். இப்போது டேங்க் உச்சியில் ராடார் வைத்து மில்லிமீட்டர் கணக்கில் அளக்கிறார்கள், ஆனாலும் ராடாரைச் சரிபார்க்க நாடாவோடு ஆள் மேலே ஏறத்தான் செய்கிறார்.

எங்கள் குடியிருப்பிலும் அப்புறம் ஒரு நோட்டுப் புத்தகம் வந்தது. காவல்கார அண்ணன் தினமும் குச்சி விட்டு, நேரம் போட்டு, அங்குலத்தில் எழுதுகிறார். போன மாதம் நான் நாலு நாள் பெகு போய்விட்டு வந்து புரட்டினால் கடைசி மூன்று நாளும் ஒரே எண், ஏழரை. அண்ணன் குச்சியே விடாமல் முந்தின நாளைப் பார்த்து எழுதிவிட்டார் என்று நினைத்து, அவர் முன்னாலேயே நான் குச்சியை விட்டேன். ஏழரை.

“பெல்ட் அறுந்துபோச்சு தம்பி,” என்றார். “மூணு நாளா மிஷின் ஓடவே இல்லை.”