ஷாஃப்ட் நேராக இருக்க வேண்டியதில்லை

அதே புரொப்பெல்லர் ஷாஃப்ட், அதாவது கியர் பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு, மூன்றாவது தடவையாக என்னிடம் வந்தது. "பேலன்ஸ் சரியில்லை, வேகம் எடுத்தால் கார் நடுங்குகிறது" என்றார், அந்தக் காரைத் தானே கட்டியவர். முதல் இரண்டு தடவையும் பார்த்துக் கொடுத்தது நான்தான். மறுபடி மெஷினில் ஏற்றினேன். ஒரு குறையும் இல்லை. ஷாஃப்ட் இருக்கட்டும், காரைக் கொண்டுவாருங்கள் என்றேன்.

கியர் பாக்ஸ் பின்பக்கமாக 3 டிகிரி சரிந்திருந்தது. ஷாஃப்ட் 6 டிகிரி சரிந்து போனது. பின் ஆக்சிலில் ஷாஃப்ட் வந்து சேரும் பினியனையும் (சிறு பல்சக்கரம்) அதே 6 டிகிரிக்குத் தூக்கி, மூக்கு கியர் பாக்ஸைப் பார்க்கும்படி வைத்து வெல்ட் அடித்திருந்தார். ஷாஃப்ட்டின் இரண்டு முனையிலும் சாய்வாகச் சுற்ற விடும் யுனிவர்சல் ஜாயின்ட் உண்டு. முன் ஜாயின்ட்டில் 3 டிகிரி, பின் ஜாயின்ட்டில் பூஜ்யம். "ஷாஃப்ட்டும் பினியனும் ஒரே கோட்டில் இருப்பதுதானே நல்லது?" என்று கேட்டார்.

இல்லை. இதை எத்தனை பேரிடம் சொல்லிவிட்டேன் என்று எனக்கே கணக்கில்லை. ஒரே கோட்டில் இருக்க வேண்டாம். கியர் பாக்ஸின் அச்சும் பினியனின் அச்சும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். கியர் பாக்ஸின் வால் 3 டிகிரி கீழே என்றால் பினியனின் மூக்கு 3 டிகிரி மேலே. நடுவில் ஷாஃப்ட் சாய்வாகப் போகட்டும்.

கோணத்தில் சுற்றும் யுனிவர்சல் ஜாயின்ட் வேகத்தை அப்படியே கடத்தாது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை முந்தும், இரண்டு தடவை பிந்தும். ஜாயின்ட் 10 டிகிரியில் இருந்து, நிமிடத்துக்கு 3000 சுற்று கொடுத்தால், அந்தப் பக்கம் வேகம் 2954க்கும் 3046க்கும் நடுவில் ஊசலாடும், அதுவும் நிமிடத்துக்கு 6000 தடவை. பின் ஜாயின்ட்டும் அதே அளவு கோணத்தில் இருந்தால்தான் இந்த ஊசலாட்டம் பினியனுக்குப் போகாமல் அங்கேயே அடங்கும். ஷாஃப்ட்டின் இரண்டு முனை யோக்குகளும் (ஜாயின்ட்டைப் பிடிக்கும் கவைகள்) ஒரே வாக்கில் இருப்பதும் கட்டாயம். பின்னால் பூஜ்யம் வைத்தால் எதை வைத்து அடக்குவது? அதோடு, கோணமே இல்லாத ஜாயின்ட்டில் ஊசி பேரிங்குகள் உருளாது. ஒரே இடத்தில் நின்று அடி வாங்கி, ஜாயின்ட்டின் நடுவில் உள்ள சிலுவைத் துண்டான கிராஸில் பள்ளம் போட்டுவிடும்.

பேலன்ஸ் குறை ஒரு சுற்றுக்கு ஒரு தடவை உதறும், கோணக் குறை இரண்டு தடவை. அதிர்வை அளக்கும் கருவி கிடைத்தால் ஷாஃப்ட்டைக் கழற்றும் முன் இதைப் பாருங்கள்.

இந்தத் தவறான எண்ணம் எங்கிருந்து வருகிறது என்பதும் எனக்குத் தெரியும். உயரம் தூக்கிய நான்கு சக்கர இயக்க வண்டிகளில் பினியன் மேல்நோக்கி நிற்பதைப் பார்த்துவிட்டு அப்படியே செய்கிறார்கள். அந்த வண்டிகளில் ஷாஃப்ட்டின் முன்முனையில் இரட்டை ஜாயின்ட் இருக்கும். அது தன் ஊசலாட்டத்தைத் தானே அடக்கிக்கொள்ளும். உங்கள் ஷாஃப்ட்டில் இரண்டு முனையிலும் ஒற்றை ஜாயின்ட் என்றால் அந்தக் கணக்கு உங்களுக்கு இல்லை.

சரி, அளப்பதற்கு வருவோம். ஆக்சில் அந்தரத்தில் தொங்கும்போது தயவுசெய்து அளக்காதீர்கள். எஞ்சின், சீட், பெட்ரோல் டேங்க் எல்லாம் ஏறி, வண்டி தன் எடையில் சக்கரத்தின் மேல் நிற்கும்போது அளங்கள். அடியில் போகும் முன் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி யாரும் காருக்கு அடியில் படுக்கக் கூடாது. கோணம் அளக்கும் மானியைக் கடைந்தெடுத்த பரப்பில் வையுங்கள், வார்ப்பின் மேல் அல்ல. தரை சமமாக இல்லையே என்று கவலைப்பட வேண்டாம், நமக்குத் தேவை கோணங்களுக்கு இடையிலான வித்தியாசம் மட்டுமே. ஆனால் நடுவில் வண்டியை நகர்த்தினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து அளக்க வேண்டும்.

ஒவ்வொரு ஜாயின்ட்டும் 1 முதல் 3 டிகிரிக்குள் இருக்கட்டும். இரண்டுக்கும் வித்தியாசம் 1 டிகிரியைத் தாண்ட வேண்டாம். மேலிருந்து பார்க்கும்போது ஷாஃப்ட் பக்கவாட்டிலும் சாய்ந்திருந்தால் அதுவும் கணக்கில் சேரும். பக்கவாட்டில் 2, மேல்கீழாக 2 என்றால் ஜாயின்ட் உணர்வது சுமார் 2.8.

பட்டை ஸ்பிரிங் போட்ட வண்டியில் ஆக்சிலேட்டரை மிதித்தால் பினியனின் மூக்கு மேலே ஏறும். அதனால் நிறுத்தி வைத்த நிலையில் மட்டும், இணையான நிலையிலிருந்து 1 அல்லது 2 டிகிரி தாழ்த்தி வையுங்கள், மிதிக்கும்போது இணைக்கு வந்துவிடும். முன் முனையில், கியர் பாக்ஸுக்குள் முன்னும் பின்னும் நழுவும் ஸ்லிப் யோக் உள்ளே முட்டாமல் 20 முதல் 25 மில்லிமீட்டர் இடம் விடுங்கள். அப்புறம், ஆக்சிலில் ஸ்பிரிங் உட்காரும் மேடைகளுக்குப் பொட்டு வெல்ட் மட்டும் வைத்து, அளவை எல்லாம் மறுபடி பார்த்துவிட்டு முழு வெல்ட் அடியுங்கள். அவர் இதைச் செய்யாததால்தான் அடித்த வெல்ட்டை அறுத்தெடுக்க வேண்டியதாயிற்று. பினியனை 3 டிகிரிக்கு இறக்கி, அதே ஷாஃப்ட்டைத்தான் மாட்டினோம். நடுக்கம் இல்லை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். முன் ஜாயின்ட்டுக்குச் சற்றுப் பின்னால், ஷாஃப்ட்டைச் சுற்றி ஒரு இரும்பு வளையம் மாட்டிவிடுங்கள். ஓடும்போது அந்த ஜாயின்ட் உடைந்தால் ஷாஃப்ட் தரையில் குத்தும், அல்லது தளத்தைக் கிழித்துக்கொண்டு உங்கள் காலடிக்கு வரும்.