டேப்லெட் ஏன் மந்தமாகிறது?

கூகுளுக்காக ஏசுஸ் தயாரித்த நெக்ஸஸ் 7 டேப்லெட் 2012-இல் வந்தபோது, அந்த விலைக்கு இவ்வளவு வேகமா என்று பலரும் வியந்தார்கள். சில மாதங்களில் அதுவே தடுமாற ஆரம்பித்தது. ஓர் எழுத்தைத் தட்டினால் திரையில் வருவதற்கு ஒரு கணம் ஆகும். பின்னணியில் ஆப் அப்டேட் ஓடினால் எல்லாமே அப்படியே நிற்கும். பிராசஸர் அதேதான், ரேமும் அதேதான். கோளாறு ஸ்டோரேஜில் இருந்தது.

டேப்லெட்டின் ஸ்டோரேஜ் என்பது ஒரு ஃப்ளாஷ் சிப். அதில் சில கிலோபைட் கொண்ட பக்கம் பக்கமாக எழுதலாம். அழிப்பதென்றால், பல பக்கங்கள் சேர்ந்த ஒரு பிளாக்கை மொத்தமாகத்தான் அழிக்க முடியும். காலி பிளாக் கைவசம் இல்லாவிட்டால், சிப்பை நிர்வகிக்கும் கன்ட்ரோலர் ஒரு பிளாக்கில் தேவையான பக்கங்களை வேறிடத்துக்கு நகலெடுத்து, பிளாக்கைத் துடைத்து, அப்புறம்தான் உங்கள் போட்டோவை எழுதும். நீங்கள் டெலீட் செய்த ஃபைலின் பக்கங்கள் இனி வேண்டாம் என்பதுகூடச் சிப்புக்குத் தானாகத் தெரியாது. அதைச் சொல்ல ‘டிரிம்’ என்ற கட்டளை வேண்டும். இல்லையென்றால் குப்பையையும் பத்திரமாக நகலெடுத்துக்கொண்டே இருக்கும். 2013 ஜூலையில் வந்த ஆண்ட்ராய்டு 4.3, டேப்லெட் சும்மா கிடக்கும் நேரத்தில் டிரிம்மைத் தானே ஓட்டியது. பல பழைய நெக்ஸஸ் 7-களுக்கு மறுபடி உயிர் வந்தது.

ஆகவே, முதலில் இடம் காலி செய்யுங்கள். பத்தில் ஒரு பங்காவது எப்போதும் காலியாக இருக்கட்டும். வாட்ஸப் வீடியோக்களை நீக்கினாலே பெரும்பாலும் போதும். இரவில் சார்ஜில் போட்டு நிம்மதியாக விடுங்கள், பராமரிப்பு வேலைகள் அப்போதுதான் நடக்கும். வாரம் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

தயவுசெய்து ‘கிளீனர்’ ஆப்களை மட்டும் நம்பாதீர்கள். ரேமில் உறங்கும் ஆப்களை, இடம் தேவைப்படும்போது ஆண்ட்ராய்டே வெளியேற்றிவிடும். நீங்கள் ஒவ்வொன்றாகத் தள்ளி மூடினால், அடுத்த முறை அந்த ஆப் முழுவதும் ஸ்டோரேஜிலிருந்து மீண்டும் ஏற வேண்டும். மூடியதால் வேகம் கூடாது, குறையும்.

தொட்டால் சுடுகிறதா? சூடேறினால் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். தடித்த கவரைக் கழற்றுங்கள், சார்ஜ் ஏறும்போது கேம் வேண்டாம்.

எதுவும் பலிக்காவிட்டால் ஃபேக்டரி ரீசெட், அதாவது எல்லாவற்றையும் அழித்துப் புதிதுபோல் ஆக்குவது. அதற்கு முன் போட்டோக்களைக் கட்டாயம் வேறிடத்தில் சேமியுங்கள். பிளாக்குகளைக் குறிப்பிட்ட தடவைகள்தான் அழித்தெழுத முடியும். ரீசெட் செய்து, காலியாக இருந்தும் திணறினால் சிப்பே தேய்ந்திருக்கலாம். அந்த டேப்லெட்டில் முக்கியமான எதையும் வைக்காதீர்கள்.