வெள்ளித் தண்ணீரும் கற்கண்டுக் கணக்கும்

கானாடுகாத்தானில் உறவுக்கார ஆச்சி ஒருவர் மஞ்சள் நிறத் தண்ணீர் நிரம்பிய பாட்டிலை நீட்டினார். "வெள்ளித் தண்ணீராம் தம்பி. தினம் ஒரு கரண்டி குடித்தால் நோய் அண்டாதாம். நீ செய்வதுதானே, பார்த்துச் சொல்."

செய்வதுதான். காரைக்குடி ஆய்வகம் ஒன்றில் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய வெள்ளித் துகள், அதாவது வெள்ளி நானோ துகள், தயாரிப்பது என் பிழைப்பு. அதனால்தான் பயந்தேன்.

செய்முறை எளிது. சோடியம் போரோஹைட்ரைடு கரைசலில் வெள்ளி உப்பான சில்வர் நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டால் வெள்ளி துகளாகப் பிரியும். துகளின் அளவுதான் பிடி கொடுக்காது. சர்க்கரைப் பாகை அசைக்காமல் ஆறவிட்டால் பெரிய கற்கண்டு விளையும். கிளறிக்கொண்டே இருந்தால் பொடிப்பொடியாகப் பூக்கும். வெள்ளியும் அப்படியே. ஒரே நேரத்தில் துகள் வளரத் தொடங்கும் கருக்கள் ஏராளமாகத் தோன்றினால், இருக்கிற வெள்ளியைப் பங்கிட்டுக்கொண்டு எல்லாம் 10 நானோமீட்டர் (ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்கு) அளவில் நிற்கும். போரோஹைட்ரைடுக்குப் பதில் வீரியம் குறைந்த சிட்ரேட்டைப் போட்டுக் கொதிக்கவைத்தால் வினை மெதுவாக நடக்கும். துகள்கள் பெரிதாக வளரும், சிறிதும் பெரிதுமாகக் கலந்தும் வரும்.

போரோஹைட்ரைடு தண்ணீரிலேயே சிதைந்துபோகும் என்பதால் ஐஸ் குளிரில், அன்றன்றே கலக்க வேண்டும். ஒரு சித்திரை மாத மின்வெட்டில் ஐஸ் கரைந்ததைக் கவனிக்காமல் விட்டேன். மஞ்சளாக வரவேண்டியது சாம்பலாகத் திரண்டது. இன்னொரு முறை குடுவையைக் குழாய்த் தண்ணீரில் அலசியதோடு நிறுத்திவிட்டேன். அதிலிருந்த குளோரைடு பட்டதும் பால்போலக் கலங்கியது.

ஆச்சியின் பாட்டிலில் துகள் அளவும் எழுதியிருக்கவில்லை, வெள்ளி எவ்வளவு என்பதும் இல்லை. கொஞ்சம் டம்ளரில் ஊற்றி ஒரு சிட்டிகை உப்புப் போட்டேன். கண்ணெதிரே மஞ்சள் மங்கிச் சாம்பலானது. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. வயிற்றில் உப்பும் அமிலமும் இருக்கின்றனவே, அங்கே மட்டும் சும்மா இருக்குமா?

வெள்ளிப் பாத்திரம் புழங்கும் வீடுகளில் இந்த வியாபாரம் சுலபமாக எடுபடுகிறது. இப்படி வெள்ளித் துகள் மிதக்கும் தண்ணீரைக் கூழ்ம வெள்ளி என்பார்கள். அதைத் தொடர்ந்து குடித்தால் தோல் நீலம் பாய்ந்த சாம்பல் நிறமாகும். பிறகு மாறுவது அரிது. மருந்துச்சீட்டின்றி விற்கும் கூழ்ம வெள்ளி மருந்துகள் பாதுகாப்பானவை என்றோ பயனுள்ளவை என்றோ ஏற்கப்பட்டவை அல்ல என அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1999-லேயே விதி வகுத்துவிட்டது.

"அப்படியானால் ஊருணியில் ஊற்றிவிடட்டுமா?" என்றார் ஆச்சி.

"வேண்டாம் ஆச்சி, மீனுக்கும் ஆகாது" என்று பாட்டிலை வாங்கிவந்து ஆய்வகக் கழிவுக் கேனில் சேர்த்தேன்.