இரண்டு நாள் எம்.சி. போதுமா?

திங்கட்கிழமை காலையில் என் கிளினிக்கில் கூட்டம் அதிகம். மலேசியாவில், பினாங்கின் பெருநிலப் பக்கமுள்ள பிறை, புக்கிட் மெர்தாஜாம் வட்டாரத்து மக்கள். தலைவலி, வயிற்றெரிச்சல், தூக்கமில்லை என்று தொடங்குவார்கள். எழுந்திருக்கும் நேரத்தில்தான் உண்மை வரும்: "டாக்டர், ரெண்டு நாள் எம்.சி. கிடைக்குமா?" எம்.சி. என்றால் மருத்துவ விடுப்புச் சான்று.

அப்படி வந்த ஓர் அக்கா, பினாங்குத் தீவிலுள்ள பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் சூப்பர்வைசர். 12 மணி நேர ஷிப்ட், அப்புறம் பாலத்து நெரிசல். ஓயாத அசதி என்றதால் முதலில் இரத்தம் எடுத்துப் பார்த்தேன். இரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை எதுவும் இல்லை. தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குக்கூட ஏறிவிட்டு வந்தாராம். படி இறங்கும்போதே மறுநாள் ஷிப்ட் ஞாபகம் வந்துவிட்டதாம்.

"முன்னெல்லாம் லைன்ல ஒரு புள்ள அழுதா, கூட்டிட்டுப் போய்த் தண்ணி குடுப்பேன். போன வாரம் ஒருத்தி அழுதா. எப்ப முடிப்பான்னு மணியைப் பார்த்துக்கிட்டு நின்னேன். நான் ஏன் இப்படி ஆயிட்டேன், டாக்டர்?"

அசதியைவிட இந்தக் கேள்விதான் எனக்கு உறைத்தது. 2022இல் நடப்புக்கு வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு, பர்ன்அவுட்டுக்கு மூன்று அடையாளங்கள் சொல்கிறது: சக்தி வற்றிப்போவது, வேலையைவிட்டு மனம் விலகுவது, முன்போல் செய்ய முடியவில்லை என்ற எண்ணம். இதை அது நோய் என்று சொல்லவில்லை. வேலையிடத்தில் நாள்பட்டுத் தீராமல் கிடக்கும் அழுத்தத்தின் விளைவு என்கிறது. முதலாவதை நாம் காப்பி குடித்துச் சமாளிக்கிறோம். இரண்டாவதை நம் குணக்கேடு என்று நினைத்துக்கொள்கிறோம். அங்கேதான் தப்பு நடக்கிறது.

விடுமுறையிலும், பிள்ளைகளோடு இருக்கும்போதும் எதுவுமே பிடிக்கவில்லை என்றால் கதை வேறு. அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம், சிகிச்சை வேண்டும். சாகலாம் போல் தோன்றினால் எம்.சி.க்குக் காத்திருக்காதீர்கள். ஹீல் என்ற மனநல உதவி எண் 15555, அவசரமென்றால் 999.

சரி, அக்காவுக்கு எம்.சி. கொடுத்தேன். ஆனால் திரும்பிப் போவது அதே லைனுக்குத்தானே? அதனால் ஒரு வாரம் வேலை நேரத்தைக் குறித்துவரச் சொன்னேன். 2023 ஜனவரி 1 முதல் வேலைச் சட்டத்தில் வார வேலை நேரம் 48இலிருந்து 45 மணியாகக் குறைந்திருக்கிறது, ஓ.டி. தனிக்கணக்கு. வேலை நேரத்தை மாற்றித் தரும்படி எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்திலேயே பதில் தர வேண்டும், மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். அக்காவுக்கு இது தெரியாது. ஹெச்.ஆரில் யாரும் சொன்னதில்லை.

விண்ணப்பித்தார். இரவு ஷிப்ட் நின்றது. இரண்டு மாதம் கழித்து மகனின் காய்ச்சலுக்கு வந்தபோது விசாரித்தேன்.

"தூக்கம் பரவால்ல, டாக்டர். ஆனா லைன்ல ரெண்டு ஆள் குறைச்சல், இன்னும் போடல."