டிபிசியில் நெல் போடும் முன்: 17 சதவீதமும் மற்ற வில்லங்கங்களும்

அரசு விவசாயிகளிடம் நெல் வாங்கும் நேரடி கொள்முதல் நிலையத்தில் (டிபிசி) நெல்லைத் திருப்பி அனுப்பச் சொல்லும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: "ஈரமா இருக்கு, காயவெச்சுக் கொண்டாங்க." ஈரப்பத மீட்டர் எத்தனை சதவீதம் காட்டியது என்று கேட்டால் பலருக்குப் பதில் வராது. கேட்டே ஆகவேண்டும்.

தர அளவை மத்திய அரசு வகுக்கிறது, தமிழ்நாட்டில் நுகர்பொருள் வாணிபக் கழகம் அதன்படி வாங்குகிறது. ஈரப்பதம் 17 சதவீதம் வரை. கல், மண் 1 சதவீதம் வரை. பதர், வைக்கோல், களை விதை 1. கருக்காயும் (முழுதாக முற்றாத நெல்) சுருங்கிய நெல்லும் 3. நிறம் மாறியது, முளைத்தது, பூச்சி அரித்தது எல்லாம் சேர்த்து 5. தரம் குறைந்த ரகக் கலப்பு 6. கல், மண் 1 சதவீதம் என்றால் 40 கிலோ சிப்பத்தில் (மூட்டையில்) அவை 400 கிராமைத் தாண்டக் கூடாது என்று அர்த்தம். ரோட்டில் காயவைத்துக் கூட்டி அள்ளும்போது இது சுலபமாகத் தாண்டிவிடும். தார்ப்பாயில் காயவையுங்கள், மூட்டை கட்டுமுன் ஒருமுறை தூற்றிவிடுங்கள்.

ஈரத்தில்தான் ஆள் ஏமாறுவது. மேலே காய்ந்து உள்ளே ஈரமாக இருக்கும் நெல் மாலையில் 16 காட்டும், மறுநாள் காலையில் 17.5 காட்டும். பனியில் மூடாமல் விட்டால் இன்னும் ஏறும். அதனால் 15, 15.5 வரை இறக்கிவிட்டுக் கொண்டுபோங்கள். வெயிலில் சுடச்சுட அள்ளிய நெல்லில் அளவு தப்பும், ஆறவிட்டுப் பாருங்கள். குவியலின் அடியில் ஒரே ஒரு பிடி எடுத்துப் பார்த்துவிட்டுக் கழித்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். நாலைந்து இடத்தில் எடுத்துக் கலந்து உங்கள் கண்முன்னே பார்க்கச் சொல்லுங்கள்.

மழைக்காலத்தில் தளர்வு வருவதுண்டு. 2022 அக்டோபரில் ஈரப்பதம் 19 சதவீதம் வரை வாங்க மத்திய அரசு அனுமதித்தது. ஆனால் மாநிலம் கேட்டு, மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்து, உத்தரவு இறங்குவதற்குள் களத்து நெல் முளைவிட்டிருக்கும். "தளர்வு வந்துடுச்சாம்" என்ற பேச்சை நம்பி ஈரநெல்லைக் கொட்டவேண்டாம். சாய்ந்து முளைத்த பகுதியைத் தனியாக அறுத்துத் தனியாக வையுங்கள். நல்ல நெல்லோடு கலந்தால் மொத்தக் குவியலும் கழிபடும், முளைப்பு எத்தனை காயவைத்தாலும் போகாது.

அடுத்தது காகிதம். சிட்டா (நில உரிமை விவரம்), அடங்கல் (சாகுபடிப் பதிவு), ஆதார், வங்கிப் புத்தகம் நான்கிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கட்டும். ஒன்றில் தலைப்பெழுத்து முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் இருந்தால்கூட அலைக்கழிப்பார்கள். குத்தகைக்காரர்களுக்குச் சிட்டா உரிமையாளர் பெயரில் இருக்கும், அடங்கலில் சாகுபடி செய்பவர் உங்கள் பெயரா என்பதை அறுவடைக்கு முன்பே கிராம நிர்வாக அலுவலரிடம் (விஏஓ) பார்த்துக்கொள்ளுங்கள். அறுத்துக் கொட்டிய பிறகு அவரைத் தேடினால் "வேற டூட்டில இருக்காரு" என்பார்கள். வியாபாரிகள் விவசாயி பெயரில் நெல் போடுவதைத் தடுக்கத்தான் இத்தனை காகிதமாம். வியாபாரியின் லாரி மட்டும் எப்படியோ முதலில் இறங்கிவிடுகிறது.

எடையில் கவனம் வேண்டும். வெறும் சாக்கு சுமார் 580 கிராம், ஆகவே தராசு 40.580 காட்டினால் போதும். 41.5 காட்டினால் சிப்பத்துக்கு 900 கிராமுக்குமேல் இலவசமாகக் கொடுக்கிறீர்கள். 2025-26 பருவத்தில் சன்ன ரகம் குவிண்டால் 2,545 ரூபாய், பொது ரகம் 2,500. நூறு சிப்பம் போட்டு, சிப்பத்துக்கு ஒரு கிலோ வீதம் கூடுதலாகப் போனாலே அந்த விலையில் 2,545 ரூபாய் போச்சு. சன்ன ரகத்தைப் பொது என்று எழுதினால் சிப்பத்துக்கு 18 ரூபாய் குறையும், ரசீதில் ரகத்தைப் பார்க்காமல் நகராதீர்கள்.

மூட்டைக்கு இவ்வளவு என்று கேட்கும் காசுக்கு எந்த விதியும் இல்லை. ஏற்று இறக்குக் கூலியைக் கழகமே கொடுக்கிறது.

நெல்லைக் கழித்தால் எந்த அளவில், எத்தனை சதவீதம் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். தர மறுத்தால் தேதி, நேரம், நிலையத்தின் பெயரோடு அன்றே கழகத்தின் மண்டல மேலாளர் அலுவலகத்துக்கு மனு கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். அடுத்த விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் நீட்ட அந்த நகல்தான் உதவும்.