மீன் செல் வைரஸை எதிர்க்கும் விதம்: மரபணுவின் விசையும் தடையும்

கெண்டை மீன்களுக்கு வசந்தகால நோயைக் கொண்டுவரும் எஸ்விசி (SVC) என்ற வைரஸின் மொத்த மரபுப்பொருளும் சுமார் 11,000 எழுத்துகள் கொண்ட ஒற்றை ஆர்என்ஏ இழைதான். செல்லுக்குள் அது பெருகத் தொடங்கியதும் ரிக்-ஐ என்ற புரதம் அந்த ஆர்என்ஏவை அடையாளம் கண்டு, மைட்டோகாண்ட்ரியாவின் மேற்பரப்பில் இருக்கும் மாவ்ஸ் புரதத்தை எழுப்புகிறது. மாவ்ஸ் வழியாக இயங்கும் டிபிகே1 நொதி, ஐஆர்எஃப்3 போன்ற புரதங்களில் பாஸ்பேட்டை ஏற்றுகிறது. பாஸ்பேட் ஏறியவை உட்கருவுக்குள் போய் வைரஸ் எச்சரிக்கையைப் பரப்பும் புரதமான இன்டர்ஃபெரானின் மரபணுவுக்கு முன்பகுதியில் அமர்ந்தால்தான் அந்த மரபணுவை ஆர்என்ஏவாகப் படியெடுப்பது தொடங்கும்.

வெளியேறும் இன்டர்ஃபெரான் அக்கம்பக்கத்துச் செல்களின் ஏற்பிகளில் ஒட்டி, நூற்றுக்கணக்கான மரபணுக்களை இயக்குகிறது. வைரஸை எதிர்க்கும் புரதங்களுக்கான எம்எக்ஸ், வைபெரின் அவற்றில் முக்கியமானவை. பாலூட்டிகளில் இல்லாத பிகேஇசட் என்ற நொதியும் உண்டு. அது செல்லின் புரத உற்பத்தியையே நிறுத்தி வைரஸைப் பட்டினி போடும். செல்லுக்கும் அது கேடுதான். அதனால்தான் இந்த ஏற்பாட்டில் விசைக்கு இணையாகத் தடையும் வேண்டியிருக்கிறது.

தடைகளில் நுட்பமானது மைக்ரோ ஆர்என்ஏ. சுமார் 22 எழுத்து நீளமே உள்ள இது, தன் 2 முதல் 8 வரையிலான எழுத்துகளைத் புரதம் செய்வதற்கான செய்தியைச் சுமக்கும் தூது ஆர்என்ஏவின் வால் பகுதியோடு பொருத்தி, அதிலிருந்து புரதம் உருவாவதைக் குறைக்கும். மியுயி குரோக்கர் என்ற கடல் மீனில் மிர்-122 இப்படித்தான் மாவ்ஸை அடக்குகிறது. அதே மீனில் மார்ல் என்ற நீண்ட ஆர்என்ஏ ஒன்று இருக்கிறது. புரதம் எதையும் உருவாக்காத அது, மிர்-122 ஒட்டும் இடத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு அதைப் பஞ்சுபோல உறிஞ்சிவிடும், மாவ்ஸ் தப்பிக்கும். தடைக்கே ஒரு தடை! இந்தத் துறையில் நம்மை மிகவும் வியக்க வைப்பது இதுதான்.

வைரஸும் இந்த எதிர்ப்புச் சங்கிலியின் இதே கண்ணிகளைத்தான் குறிவைக்கிறது. எஸ்விசியின் 'என்' (N) புரதம் மாவ்ஸைச் சிதைவுக்கு அனுப்புகிறது. 'பி' (P) புரதமோ ஐஆர்எஃப்3க்குப் போக வேண்டிய பாஸ்பேட்டைத் தானே வாங்கிக்கொண்டு டிபிகே1ஐ ஏமாற்றுகிறது. நீரின் குளிர்ச்சியும் வைரஸுக்குத் துணைபோகிறது. மீனின் உடல்வெப்பம் நீரைப் பொறுத்தது; குளிரில் எதிர்ப்பு மெதுவாக எழும். எஸ்விசி நோய் பெரும்பாலும் 11 முதல் 17 டிகிரி செல்சியஸில், வசந்தகாலத்தில் வெடிப்பதற்கு இது ஒரு காரணம்.

இந்த எதிர்ப்பு எவ்வளவு எழுந்திருக்கிறது என்று அளக்கும்போது தவறுகள் எளிதில் நேரும். மண்ணீரலிலிருந்தோ மீனின் நோயெதிர்ப்பு உறுப்பான தலைச் சிறுநீரகத்திலிருந்தோ ஆர்என்ஏவைப் பிரித்ததும், கலந்திருக்கும் டிஎன்ஏவை நொதியால் அகற்ற வேண்டும். பிறகு, மரபுப்பொருளைச் சுற்றுச் சுற்றாகப் பெருக்கி அளக்கும் கியூபிசிஆர் முறையில் எம்எக்ஸின் அளவை மாறாத ஒரு மரபணுவோடு ஒப்பிட வேண்டும். இங்கே ஒரு சுற்று வித்தியாசம் என்பது ஏறத்தாழ இருமடங்கு. ஒப்பீட்டுக்கு எடுத்த மரபணு, உதாரணமாக ஆக்டின், தொற்றால் மாறிவிட்டால் கணக்கு முழுவதும் பிசகும். ஒரே ஒரு நேரத்தில் மாதிரி எடுத்தால் உச்சம் தவறிப்போகலாம். வைரஸின் அளவையும் கூடவே பார்த்தாக வேண்டும்: எம்எக்ஸ் மிகுந்திருப்பது மீன் வெல்வதாலா, வைரஸ் ஏராளமாகப் பெருகிவிட்டதாலா என்பது அந்த எண் இல்லாமல் தெரியாது.